டோபமைனுக்கு நாம் வைத்த தவறான பெயர்

1995-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பால்மிட்டர் ஆய்வகத்தில் ஒரு வகைச் சுண்டெலிகளை உருவாக்கினார்கள். மூளையில் டோபமைன் ஊறவே ஊறாதபடி அவற்றின் மரபணு மாற்றப்பட்டிருந்தது. பிறந்தபோது அவை மற்றக் குட்டிகளைப் போலவே இருந்தன, தாய்ப்பால் குடித்தன. சில வாரங்களில் நிலைமை மாறியது. கூண்டின் மூலையில் அசையாமல் உட்கார்ந்துவிட்டன. பக்கத்திலேயே தீனி கிடந்தது, ஆனால் அவை அதை நோக்கி நகரவில்லை. அப்படியே விட்டால் பட்டினியால் செத்துப்போயின. தீனியை எடுத்து வாயில் வைத்தால் விழுங்கின. மூளைக்குள் டோபமைனாக மாறும் எல்-டோபா என்ற மருந்தை ஊசியில் ஏற்றியதும் எழுந்து ஓடின, தாமாகவே போய்த் தின்றன. மருந்தின் வேகம் தணிந்ததும் பழைய மூலைக்கே திரும்பின. அதே ஆய்வகம் 2003-இல் இன்னொன்றைக் காட்டியது. வெறும் தண்ணீரையும் சர்க்கரைத் தண்ணீரையும் வைத்தபோது, இந்தச் சுண்டெலிகளும் இனிப்பு எது என்று கண்டு அதையே நாடின. அவற்றுக்கு ருசி போகவில்லை. ருசியான ஒன்றை நோக்கி நாலு அடி எடுத்து வைக்கும் திராணிதான் போயிருந்தது.

இந்த இரண்டு சோதனைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு, டோபமைனைப் பற்றி நம் பத்திரிகைகளும் யூடியூப் சேனல்களும் தினமும் சொல்வதைக் கேட்டுப் பாருங்கள். அதற்கு ‘மகிழ்ச்சி ஹார்மோன்’ என்று பெயர் சூட்டியாயிற்று. சாக்லேட் தின்றால் சுரக்கும், லைக் விழுந்தால் சுரக்கும், சுரந்தால் சந்தோஷம், குறைந்தால் சோகம் என்பதே இன்று எல்லார் வாயிலும் இருக்கும் கணக்கு. இந்தப் பெயர் தவறு என்பது என் வாதம். வெறும் சொல்லாராய்ச்சிக்காக இதைச் சொல்லவில்லை. பார்க்கின்சன் நோயால் உறைந்து உட்கார்ந்திருப்பவரையும், மனச்சிதைவுக்கு மாத்திரை விழுங்குபவரையும், போதையிலிருந்து மீளத் திணறுபவரையும் நாம் தப்பாகப் புரிந்துகொள்வதற்கு இந்தப் பெயரும் ஒரு காரணம். நோயாளியின் வீட்டார் தப்பாகப் புரிந்துகொண்டால், அதன் விலையை நோயாளிதான் கொடுக்கிறார்.

டோபமைன் மூளையில் என்ன செய்கிறது என்பது முதன்முதலில் தெரியவந்த கதையில் மகிழ்ச்சி என்ற பேச்சே இல்லை. அந்தக் கதை நம் நாட்டு மூலிகை ஒன்றில் தொடங்குகிறது. சர்ப்பகந்தா வேர் ரத்தக் கொதிப்பைக் குறைக்கிறது, வெறி பிடித்தவரை அடக்குகிறது என்று 1931-இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு வங்காளிகள் எழுதினார்கள். அந்த வேரிலிருந்து 1952-இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தார் ரெசர்பைன் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன் அதை முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். முயல்கள் காதுகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு கல்லாய்ச் சமைந்தன. பிறகு டோபமைனின் மூலப்பொருளான டோபாவை ஊசியில் ஏற்றினார். சிறிது நேரத்தில் காதுகள் நிமிர்ந்தன, முயல்கள் குதித்து நடமாடின. இது 1957-இல் நடந்தது. அதுவரை டோபமைனை வேறு வேதிப்பொருள்கள் உருவாகும் வழியில் வரும் ஓர் இடைப்பொருள் என்றே பலரும் நினைத்திருந்தார்கள். அதற்கென்றே தனி வேலை உண்டு, அந்த வேலை அசைவோடு தொடர்புடையது என்று கார்ல்சன் சொன்னபோது பல மூத்த விஞ்ஞானிகள் நம்ப மறுத்தார்கள்.

நம்ப வைத்தது வியன்னா நகரின் ஒரு கண்ணாடிக் குழாய். ஓலே ஹோர்னிகீவிச் என்ற மருந்தியலாளர், இறந்தவர்களின் மூளையில் ஸ்ட்ரையேட்டம் என்ற ஆழ்பகுதியை எடுத்து அரைத்து, டோபமைன் இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும் ஒரு சோதனையைச் செய்தார். நோயற்றவர்களின் மூளைச்சாறு கண்ணெதிரே இளஞ்சிவப்பாயிற்று. பார்க்கின்சன் நோயாளிகளின் மூளைச்சாற்றில் நிறம் ஏறவே இல்லை. கருவியில் அளந்து பார்க்கும் முன்பே, வெறுங்கண்ணாலேயே அவர் விஷயத்தைப் பார்த்துவிட்டார். 1960-இல் இது அச்சேறியது. அடுத்த ஆண்டே மருத்துவர் வால்தர் பிர்க்மேயரோடு சேர்ந்து நோயாளிகளுக்கு எல்-டோபா ஊசி போட்டார்கள். படுக்கையிலிருந்து எழுந்து உட்கார முடியாதவர்கள் எழுந்து நடந்தார்கள். 1967-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் வாய்வழியாகவே கொடுக்க வழி கண்டார். இன்றும் உலகம் முழுக்கப் பார்க்கின்சன் நோய்க்கு முதல் மருந்து அதுதான். 2000-இல் கார்ல்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது, ஹோர்னிகீவிச்சுக்குக் கிடைக்கவில்லை. 200-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கையெழுத்திட்டு அதைக் கண்டித்தார்கள், அந்தக் கண்டனம் நியாயமானதே. இதே எல்-டோபா நம்மூர் வேலிகளில் படரும் பூனைக்காலி விதையில் இயற்கையாகவே இருக்கிறது. அதை அந்த விதையிலிருந்து பிரித்தெடுத்து 1937-இல் எழுதியவர்கள் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தின் தாமோதரனும் ராமசாமியும். அந்தச் சமயத்தில் அது எதற்கு மருந்தாகும் என்று யாருக்கும் தெரியாது.

பார்க்கின்சன் நோயைக் கை நடுக்கம் என்று மட்டும் நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். அந்த நோயின் மையம் மந்தம். சட்டைப் பொத்தான் போடக் கால் மணி நேரம், நாற்காலியிலிருந்து எழ ஐந்து நிமிடம். தசையில் பலம் குறைந்துவிட்டதா என்றால், அதுவுமில்லை. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மஸ்ஸோனி, கிராக்கவர் குழுவினர் 2007-இல் ஒரு நுட்பமான சோதனை செய்தார்கள். குறிப்பிட்ட வேகத்தில் கையை நீட்டச் சொன்னபோது, நோயாளிகளும் அந்த வேகத்தில் மற்றவர்களைப் போலவே துல்லியமாக நீட்டினார்கள். ஆனால் அந்த வேகத்தை எட்ட அவர்களுக்குக் கூடுதல் முயற்சிகள் தேவைப்பட்டன, மூளை திரும்பத் திரும்ப மெதுவான அசைவையே தேர்ந்தெடுத்தது. வேகமாகச் செய்ய முடியும், ஆனால் அந்த வேகத்துக்கான செலவு கட்டுப்படியாகாது என்று உள்ளே ஏதோ ஒன்று தீர்ப்பு எழுதிவிடுகிறது. டோபமைன் குறைந்த மூளையில் ஒவ்வோர் அசைவின் விலையும் ஏறிவிடுகிறது என்று இதைச் சொல்லலாம். வீடு தீப்பற்றினால் இதே நோயாளி எழுந்து ஓடுவதுண்டு என்று மருத்துவர்கள் நெடுங்காலமாகக் குறித்து வந்திருக்கிறார்கள். “அன்னிக்கு மட்டும் ஓடத் தெரிஞ்சுது, இன்னிக்கு எழுந்து தண்ணி குடிக்க முடியலையா?” என்று கேட்கும் குடும்பத்தாருக்கு இந்த ஆய்வைச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். அவர் பாசாங்கு செய்யவில்லை. ஆபத்து வந்தால் திறக்கும் வழி வேறு, சாதாரண நாளில் திறக்க வேண்டிய வழி வேறு. அடைபட்டிருப்பது சாதாரண நாளின் வழி.

அப்படியானால் ‘மகிழ்ச்சி’ எங்கிருந்து வந்தது? அதற்கும் ஆதாரம் இல்லாமல் இல்லை. 1954-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் இருவரும் எலிகளின் மூளைக்குள் மெல்லிய மின்கம்பியைச் செருகி, எலியே ஒரு நெம்புகோலை அழுத்தி மின்தூண்டல் பெறும்படி செய்தார்கள். பின்னாளில் செய்த சோதனைகளில் சில எலிகள் மணிக்கு ஆயிரக்கணக்கான தடவை அழுத்தின, தீனியையும் மறந்து களைத்து விழும்வரை அழுத்தின. இதைப் பார்த்தவர்கள் மூளையின் இன்ப மையம் அகப்பட்டுவிட்டது என்று நினைத்ததில் வியப்பில்லை. அந்தத் தூண்டலின் பலத்துக்கு டோபமைன் பாதைகள் முக்கியம் என்று பின்பு தெரிந்தது. 1970-களின் இறுதியில் ராய் வைஸ் என்ற ஆய்வாளர், டோபமைனைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் எலிக்கு எதிலும் இன்பம் இல்லாமல் போகிறது என்ற கருத்தை முன்வைத்தார். பத்திரிகைகள் பிடித்துக்கொண்டது இந்தக் கட்டத்தைத்தான். பின்னர் வைஸே, டோபமைனின் அளவும் இன்பத்தின் அளவும் ஒன்று என்ற தம் நிலையிலிருந்து விலகிக்கொண்டார். அது யார் காதிலும் விழவில்லை.

அந்த நிலையை அசைத்தவர்களில் முக்கியமானவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ். நாக்கில் இனிப்பு பட்டால் கைக்குழந்தை உதட்டை நக்கும், கசப்புப் பட்டால் வாயைக் கோணும். எலியும் அப்படியே. ரசிக்கிறதா இல்லையா என்பதை எலியின் முகத்திலேயே படிக்கலாம் என்பதை வைத்து அவர் ஒரு கேள்வி கேட்டார். ஒரு நச்சுப்பொருளால் டோபமைன் நரம்புகளை ஏறக்குறைய முழுமையாக அழித்த எலியின் நாக்கில் சர்க்கரைக் கரைசலை விட்டால் என்ன ஆகும்? இன்பக் கோட்பாடு உண்மையானால் எலியின் முகத்தில் சலனம் இருக்கக் கூடாது. ஆனால் அந்த எலிகள் வழக்கம்போல உதட்டை நக்கின. தாமாகத் தின்னாத, குழாய் வழியே ஊட்டி உயிரோடு வைத்திருந்த எலிகள் அவை. விரும்புவது ஒன்று, நாடுவது வேறொன்று என்ற பிரிவை அறிவியல் இங்கேதான் கண்டது. இன்னொரு சோதனை ஜான் சலமோனுடையது, எனக்கு இது இன்னும் தெளிவாகப் படுகிறது. ‘டி’ வடிவப் பாதையின் ஒரு கையில் நாலு தீனி உருண்டை, ஆனால் வழியில் 44 செ.மீ. உயரத் தடுப்பு. மறு கையில் இரண்டே உருண்டை, தடுப்பு இல்லை. நல்ல நிலையில் உள்ள எலி தடுப்பில் ஏறிக் குதித்து நாலையும் தின்கிறது. டோபமைன் குறைக்கப்பட்ட எலி இரண்டு உருண்டைப் பக்கம் போய்விடுகிறது. மறு கையில் ஒன்றுமே வைக்காவிட்டால் அதே எலி தடுப்பில் ஏறுகிறது! ஆக, ஏறத் தெரியாமலும் இல்லை, தீனி பிடிக்காமலும் இல்லை. கூடுதல் பலனுக்காகக் கூடுதல் பாடு படலாமா என்ற பேரத்தில்தான் அது சீக்கிரம் பின்வாங்குகிறது.

டோபமைனுக்கு இன்னொரு வேலையும் உண்டு, அது கற்பது. சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர்க் நகரில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், தாகத்தோடு இருக்கும் குரங்குக்கு ஒரு சொட்டுப் பழச்சாறு கொடுத்து, அதன் நடுமூளையில் உள்ள டோபமைன் நரம்பணுக்களின் துடிப்பைக் கேட்டார். முதலில் சாறு நாக்கில் விழும் கணத்தில் அவை படபடவென்று துடித்தன. சாறு வருமுன் ஒரு விளக்கு எரியும் என்று பழகிய பிறகு, துடிப்பு விளக்கு எரியும் கணத்துக்கு நகர்ந்தது. எதிர்பார்த்தபடியே சாறு வந்தபோது அந்த அணுக்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. விளக்கு எரிந்து சாறு வராமல் போனால், அது வந்திருக்க வேண்டிய அதே நொடியில் துடிப்பு தணிந்தது. குரங்கு சாற்றை விரும்பாமல் போய்விடவில்லை. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த அணுக்கள் கணக்கெழுதிக் காட்டின. பீட்டர் தயான், ரீட் மான்டேக் ஆகியோருடன் ஷுல்ட்ஸ் 1997-இல் வெளியிட்ட கட்டுரை, கணினிகளைக் கற்கவைக்கப் பயன்பட்ட ஒரு சூத்திரமும் இந்தத் துடிப்பும் பொருந்துவதைக் காட்டியது. அன்றாட அனுபவத்துக்கும் இது ஒத்துவருகிறது. சம்பளம் முதல் தேதி வந்தால் யாரும் துள்ளுவதில்லை, எதிர்பாராத போனஸ் வந்தால் துள்ளுகிறோம், வழக்கமான தேதியில் வராவிட்டால் நெஞ்சு கனக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் மறுக்கலாம். மனிதரிடம் நேரடியாகச் சோதித்தபோது இன்பமும் டோபமைனோடு ஏறி இறங்கியதே என்று கேட்கலாம். உண்மைதான். 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் 27 பேரைப் பாட்டுக் கேட்கச் சொன்னார்கள். டோபமைனைக் கூட்டும் லெவோடோபா (எல்-டோபாவின் மறுபெயர்) கொடுத்த நாளில் பாட்டு அதிகம் பிடித்தது, அதைத் தடுக்கும் ரிஸ்பெரிடோன் கொடுத்த நாளில் குறைவாகப் பிடித்தது. அந்தப் பாட்டைச் சொந்தமாக்கிக்கொள்ள எவ்வளவு பணம் தருவார்கள் என்ற கணக்கும் அதேபோல் ஏறி இறங்கியது. இந்தச் சான்றை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. டோபமைனுக்கும் மனித இன்பத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று யாராவது சொன்னால் அதுவும் தவறாகிவிடும். ஆனால் இசையின் இயல்பை யோசிக்க வேண்டும். அடுத்து எந்தச் சுரம் வரும் என்று காத்திருப்பதும், காத்திருந்தது வருவதும், வராமல் வேறொன்று வந்து வியக்கவைப்பதுமே ராகத்தை ரசிப்பதில் பெரும்பங்கு. நாக்கில் பட்ட சர்க்கரைக்கு அத்தகைய எதிர்பார்ப்பு தேவையில்லை. எதிர்பார்ப்பே இன்பத்தின் உடம்பாக இருக்கும் இடத்தில் டோபமைனின் கை இருப்பது என் வாதத்துக்கு எதிரல்ல. அங்கும் அது துணைப் பாத்திரம். நாக்கின் இனிப்பு, தோலின் சுகம் போன்ற நேர் இன்பங்களில் மூளைக்குள்ளேயே ஊறும் ஓபியம் போன்ற பொருள்களுக்கே பெரிய பங்கு என்று சான்றுகள் காட்டுகின்றன.

இதைவிடக் கனமான மறுப்பு போதையிலிருந்து வருகிறது. கொக்கெயின், ஆம்ஃபெடமின், நிகோடின் எல்லாமே டோபமைனைக் கூட்டுகின்றன, எல்லாமே இன்பம் தருகின்றன, பிறகென்ன என்று கேட்கலாம். அமெரிக்க ஆய்வாளர் நோரா வோல்கோவின் அளவீடுகள் இங்கே பேசட்டும். நெடுநாள் கொக்கெயின் பழக்கம் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் ஒரே ஊக்கமருந்தை ஊசியில் ஏற்றி மூளையைப் படமெடுத்தார். 1997-இல் வெளியான முடிவின்படி, பழக்கம் உள்ளவர்களின் மூளையில் டோபமைன் குறைவாகவே எழுந்தது, அவர்கள் உணர்ந்த கிறக்கமும் குறைவு. அவர்களுக்குப் பெருகியிருந்தது வேட்கை மட்டுமே. பிறகு ஒரு சோதனையில், கொக்கெயின் உபயோகிக்கும் காட்சியைக் காணொளியில் பார்த்ததுமே அவர்கள் மூளையில் டோபமைன் ஏறியது, அது ஏறிய அளவுக்கு வேட்கையும் ஏறியது. குடிக்கு அடிமையான ஒருவர் “இப்பல்லாம் குடிச்சா ஒண்ணும் சுகமா இல்ல, ஆனா விட முடியல” என்று சொல்வதை நம் வீடுகளில் எவ்வளவோ பேர் கேட்டிருக்கிறார்கள். அவர் பொய் சொல்வதாக நினைத்திருக்கிறார்கள். மகிழ்ச்சி ஹார்மோன் கோட்பாட்டின்படி அது பொய்யாகத்தான் இருக்க முடியும். சுகம் இல்லாமலே நாட்டம் தனியாக வளர்ந்து நிற்க முடியும் என்று ஏற்றுக்கொண்டால், அந்த மனிதர் தம் நிலையைத் துல்லியமாகச் சொல்கிறார் என்பது புரியும்.

நாட்டம் தனியாக வளர்வதற்கு மருத்துவமே தந்த சான்று ஒன்று உண்டு. பார்க்கின்சன் நோய்க்கு எல்-டோபாவைத் தவிர, பிரமிபெக்சோல், ரோபினிரோல் என்று டோபமைனைப் போலவே நடிக்கும் மாத்திரைகளும் தரப்படுகின்றன. கை நடுக்கமும் இறுக்கமும் குறைகின்றன, நல்ல மருந்துகள். ஆனால் அதுவரை சீட்டுக் கட்டைத் தொடாத சிலர் சூதாட ஆரம்பித்தார்கள், சிலர் தேவையில்லாததை வாங்கிக் குவித்தார்கள், சிலர் நள்ளிரவில் எழுந்து தின்றார்கள், சிலருக்குக் காமம் கட்டுக்கடங்காமல் போயிற்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளைக் கொண்டு நடந்த, 2010-இல் வெளியான ஆய்வில், இந்த மாத்திரைகளை உட்கொண்டவர்களில் 17.1 சதவீதத்தினரிடம் இத்தகைய கட்டுக்கடங்காத பழக்கம் ஏதோ ஒன்று இருந்தது. உட்கொள்ளாதவர்களில் அது 6.9 சதவீதம். வாழ்நாள் முழுவதும் சிக்கனமாக இருந்த ஒரு பெரியவர் அறுபத்தைந்து வயதில் ஆன்லைன் ரம்மியில் ஓய்வூதியத்தைத் தொலைத்தால் வீட்டில் என்ன பேச்சு எழும்? புத்தி கெட்டுப்போச்சு என்பார்கள். அவரே வெட்கத்தில் மருத்துவரிடம் மறைப்பார். மாத்திரையின் அளவைக் குறைத்தால் அல்லது வேறு மாத்திரைக்கு மாற்றினால் பலருக்கு இந்தப் பழக்கம் அடங்குகிறது என்பது தெரியாமலேயே குடும்பம் உடைந்துபோகும்.

மனச்சிதைவு நோயின் கதை இதற்கு நேர் மறுபக்கம். 1952-இல் பாரிஸில் குளோர்ப்ரோமசின் வந்தது முதல் இன்று வரை, அந்நோய்க்கான ஏறக்குறைய எல்லா மருந்துகளும் டோபமைன் ஏற்பிகளை அடைப்பவை. அப்படியானால் இந்த நோயாளிகளுக்கு மகிழ்ச்சி அதிகமா? அவர்களோடு ஒரு நாள் இருந்தவருக்குத் தெரியும், இதைவிடப் பெரிய அபத்தம் இல்லை. 2003-இல் மனநல மருத்துவர் ஷிதிஜ் கபூர் கொடுத்த விளக்கம் எனக்கு மிகவும் பொருந்துவதாகப் படுகிறது. எது கவனிக்கத் தக்கது, எது பின்தொடரத் தக்கது என்று முத்திரை குத்துவது டோபமைனின் வேலை என்றால், அது வேளை தவறிப் பெருகும்போது ஒன்றுமில்லாத விஷயங்கள்மீதும் முத்திரை விழும். பக்கத்து வீட்டுக்காரர் இருமுவது தனக்கான சமிக்ஞையாகத் தோன்றும். பஸ்ஸின் எண் பலகை தன்னைப் பற்றியே ஏதோ சொல்வதுபோல் இருக்கும். இப்படித் தனித்தனியாக மின்னும் பொருள்களை ஒன்றாகக் கோத்து மனம் ஒரு கதை கட்டுகிறது, அந்தக் கதையைத்தான் நாம் பிரமை என்கிறோம். மாத்திரை அந்த மின்னலை மங்கவைக்கிறது. ஆனால் ‘சந்தோஷத்தைக் கொல்லும் மாத்திரை’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு வீட்டார் நிறுத்திவிட்டால் நோய் திரும்பி வருகிறது. மாத்திரையால் முனைப்பு குறைவதும், உடல் இறுகுவதும் மெய்யான தொல்லைகள். அவற்றை மருத்துவரிடம் சொல்லி அளவையோ மருந்தையோ மாற்றலாம்.

இதுவரை மூளையைப் பற்றியே பேசினோம். மனித மூளையில் உள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில், நடுமூளையில் டோபமைன் சுரப்பவை நாலைந்து லட்சத்தைத் தாண்டாது. உடலில் உண்டாகும் டோபமைனில் கிட்டத்தட்டப் பாதி வயிற்றுப் பகுதி உறுப்புகளில் உண்டாகிறது. ரத்தத்தில் உள்ள டோபமைன் மூளைக்குள் நுழைவதில்லை, காவல் அவ்வளவு பலம். அதனால்தான் பார்க்கின்சனுக்கு டோபமைனையே ஏற்றாமல், காவலைக் கடந்து உள்ளே போகும் லெவோடோபாவைக் கொடுக்கிறார்கள். அது வழியிலேயே டோபமைனாக மாறிவிடாதிருக்கக் கார்பிடோபாவையும் கூடவே சேர்க்கிறார்கள். பருப்பு, பால், முட்டையிலிருந்து வரும் அமினோ அமிலங்கள் உள்ளே நுழைய அதே வாசலில் முண்டியடிப்பதால், மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பே போடச் சொல்கிறார்கள். சிறுநீரகம் தனக்கு வேண்டிய டோபமைனைத் தானே தயாரித்து, உப்பை வெளியேற்றப் பயன்படுத்துகிறது. இதை நம்பி, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் சிறுநீரகத்தைக் காக்கச் சிறு அளவு டோபமைன் சொட்டுவிடும் வழக்கம் பல்லாண்டு நடந்தது. 2000-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மருத்துவமனைகளில் 328 நோயாளிகளிடம் முறையாகச் சோதித்தபோது அதனால் பயன் இல்லை என்று தெரிந்தது. ஒரு பொருளின் வேலையைப் பற்றிய எளிய கதையை நம்பி மருத்துவர்களே ஏமாறும்போது, நாம் ஏமாறுவது எம்மாத்திரம்?

டோபமைன் உண்மையிலேயே ஹார்மோனாக வேலை செய்யும் ஓர் இடம் உண்டு. ஹைப்போதலாமஸிலிருந்து சிறு ரத்தக்குழாய் வழியே பிட்யூட்டரிக்கு இறங்கி, பால் சுரக்கவைக்கும் புரோலாக்டினைத் தடுத்து நிறுத்துகிறது. அங்கே மகிழ்ச்சிக்கு ஒரு வேலையும் இல்லை. டோபமைனைத் தடுக்கும் மாத்திரைகளால் இந்தக் கட்டு தளர்ந்தால், குழந்தை பெறாத பெண்ணுக்கும் மார்பில் பால் கசியலாம், மாதவிலக்கு நின்றுபோகலாம். காரணம் தெரியாமல் எத்தனை பரிசோதனைகள், எத்தனை கண்ணீர்! வாந்திக்கும் வயிற்று உப்புசத்துக்கும் நாம் சாதாரணமாக விழுங்கும் டோம்பெரிடோன், மெட்டோகுளோப்ரமைடு இரண்டும் டோபமைனைத் தடுப்பவையே. வாந்தியைக் கிளப்பும் மூளைப்பகுதி டோபமைனுக்குச் செவிசாய்ப்பதால்தான் அவை வேலை செய்கின்றன. டோம்பெரிடோன் பெரும்பாலும் மூளைக்குள் போவதில்லை, மெட்டோகுளோப்ரமைடு போகிறது. அதனால் சில இளைஞர்களுக்குக் கழுத்து ஒருபக்கம் முறுக்கிக்கொண்டு கண்கள் மேலே செருகிவிடும். பேய் பிடித்ததென்று கோடங்கியிடம் கூட்டிப்போக வேண்டியதில்லை, ஓர் ஊசியில் சரியாகிவிடும். ஆனால் பார்க்கின்சன் நோயாளிக்கு மெட்டோகுளோப்ரமைடைக் கொடுத்தால் நோயே மோசமாகும். மருந்துக்கடையில் வாய்வார்த்தையாகக் கேட்டு வாந்தி மாத்திரை வாங்குவோர் இதை அறிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, கைப்பேசி போன்ற தூண்டல்களைச் சில காலம் ஒதுக்கிவைக்கும், இப்போது பரவலாக இருக்கும் ‘டோபமைன் விரதம்’ பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் எதுவானால் என்ன, அதைச் சொல்லியாவது பிள்ளைகள் கைப்பேசியைக் கீழே வைத்தால் நல்லதுதானே என்ற கேள்வி நியாயமானது. கைப்பேசியை வைப்பது நல்லது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 1998-இலேயே லண்டனில் 8 பேரை டாங்கி வீடியோ விளையாட்டு ஒன்றை ஆடவைத்து மூளையைப் படமெடுத்து, விளையாடும்போது டோபமைன் கூடுவதைக் காட்டினார்கள். வெற்றி பெறும் கட்டங்களுக்குப் பணமும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. ஆனால் டோபமைன் தொட்டியில் நிரம்பி வழிகிற தண்ணீர் அல்ல, ஒரு நாள் விரதம் இருந்து வடித்துவிட. நாம் கண் சிமிட்டும்போதும் கையைத் தூக்கும்போதும் அது வேலை செய்துகொண்டே இருக்கிறது. உண்மையில் பயன் தருவது, தூண்டும் பொருளைக் கண்ணெதிரே வைக்காமலிருப்பதும், பழக்கத்தின் நேரத்தை மாற்றுவதும். இதற்கு வேதியியல் பெயர் தேவையில்லை. அந்தப் பெயரைச் சூட்டுவதால் ஒரு கெடுதல் நேர்கிறது. டோபமைனைக் கூட்டும் பொடி என்று சொல்லிப் பூனைக்காலிப் பொடியைப் பலரும் வாங்கி விழுங்குகிறார்கள். அதில் இருப்பது சாதாரணச் சத்து அல்ல, ஒரு மருந்து. 2004-இல் லண்டனில் 8 பார்க்கின்சன் நோயாளிகளுக்கு 30 கிராம் அந்தப் பொடியைக் கொடுத்துப் பார்த்தபோது, வழக்கமான மாத்திரையைவிட விரைவாகவே வேலை செய்தது. அவ்வளவு வீரியமுள்ள ஒன்றை ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் தானாகச் சேர்த்துக்கொண்டால் அளவு தவறிவிடும்.

பொதுமக்களுக்குச் சொல்லும்போது எளிமைப்படுத்தாமல் முடியுமா என்று கேட்பவர்களுக்கு, எளிய சொல் தமிழிலேயே இருக்கிறது என்பேன். ‘முனைப்பு’ என்பது அது. ஒன்றை நோக்கித் திரும்புவது, அதற்காகப் பாடுபடத் துணிவது, அது கிடைக்குமா என்று எதிர்பார்ப்பது எல்லாம் அந்தச் சொல்லில் அடங்குகின்றன. சிறுநீரகத்துக்கும் பிட்யூட்டரிக்கும் அதுவும் பொருந்தாது, ஆனால் மூளையைப் பொறுத்தவரை ‘மகிழ்ச்சி’யைவிட எத்தனையோ மடங்கு உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது. பத்திரிகை ஆசிரியர்களும், பாடம் எழுதுபவர்களும், காணொளியில் பேசும் மருத்துவர்களும் இந்தச் சொல்லை எடுத்தாள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாராவது பார்க்கின்சன் மாத்திரை எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு சூது, செலவு, தீனி, காமம் என்று ஏதாவது ஒன்றில் முன்பில்லாத வெறி காட்டினால், அவரைத் திட்டாதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் செய்யாதீர்கள், திடீரென்று நிறுத்துவது ஆபத்து. மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு அவரோடு நரம்பியல் மருத்துவரிடம் போய், நடந்ததை வெட்கப்படாமல் சொல்லுங்கள்.